கோவில்பட்டியில் நிழல் எடுக்க வந்தவர்

மணியாச்சியில் இறங்க எனக்கு ஒரு வேலையும் இல்லை. கோவில்பட்டியில் இறங்க வேண்டியவன் தூங்கிவிட்டேன். எழுப்பிவிடுவதாகச் சொன்ன எதிர் இருக்கைக்காரர் எனக்கு முன்பே தூங்கியிருந்தார். கண் விழித்தபோது வண்டி மணியாச்சியில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியையும் கேமராவையும் அள்ளிக்கொண்டு குதித்தேன்.

பயணச்சீட்டில் உள்ள ஊரைத் தாண்டிப் போனவர் தாமே தெரிவித்து மீதிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பது விதி. தேடிப் போய்க் கட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவர், “நீங்களாவா வந்து கெட்டுதிய? யாரும் புடிக்கலியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “வெளியூர்க்காரரு. சொகமில்ல போல” என்றார்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் காலை நேரத்தில் பூங்காவைச் சுற்றி நடக்கும் ஓய்வூதியர்கள் சிலர், பழைய ஃபிலிம் கேமராக்காரர்கள் சங்கம் ஒன்று வைத்திருக்கிறோம். இந்த முறை கண்காட்சிக்குத் தலைப்பு ‘கட்டடமும் நிழலும்’. ஊர்களை எழுதிச் சீட்டுக் குலுக்கினோம். ஒருவருக்குப் புதுச்சேரி விழுந்தது, ஒருவருக்குக் காரைக்குடி. எனக்குக் கோவில்பட்டி. “அங்கே என்ன சார் இருக்கு, வெயில்தானே?” என்று புதுச்சேரிக்காரர் ஆறுதல் சொன்னார். வெயில் இருக்கும் ஊரில்தான் நிழல் இருக்கும் என்று நானும் பதில் சொல்லிவிட்டேன்.

சங்கத்தின் விதிகள் கடுமையானவை. ஓர் ஊருக்கு ஒரே ஒரு ரோல்தான். எடுத்ததை வெட்டவோ திருத்தவோ கூடாது. டிஜிட்டல் உதவி அறவே கூடாது. எதற்கும் விலக்கு கோர முடியாது. விதிகளை வரைந்தவன் நான்தான் என்பதால் முணுமுணுக்கவும் வழியில்லை.

கேமரா, ஊதியக்குழு நிலுவை வந்த புண்ணியத்தில் வாங்கியது. முகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கண்கள் உள்ள பெட்டி. மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் எடுப்பதற்கு. வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் உலகத்தில் இடது வலமாகவும் வலது இடமாகவும் இருக்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பதின்மூன்றாவதற்கு மனு போட முடியாது.

மணியாச்சியிலிருந்து பிடித்த பேருந்து பாதி வழியில் டயரை விட்டுவிட்டது. இறங்கி நின்றோம். இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடிந்து, வெறும் செடிக்குச்சியாக மாறு நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஓர் உடைமரம். காலை வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு தனி மரத்தை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. குனிந்து, குவியம் பார்த்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன்.

“என்னத்தக் குனிஞ்சு கும்பிடுதாரு?” என்றது பின்னால் ஒரு குரல்.

“டயரு சீக்கிரம் மாட்டணும்னு வேண்டுதாரு” என்றது இன்னொன்று.

எடுத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. கரிசலில் நிழல் விழுகிறது, தெரிவதில்லை. கறுப்பின் மேல் கறுப்பு. மரம் மட்டும் நிழலை வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல் நிற்கும். ஒரு படம் வீண்.

கோவில்பட்டியில் மார்க்கெட்டுக்குப் போகும் தெருவை ஒட்டிய லாட்ஜில் அறை எடுத்தேன். மேலாளர் மாரியப்பன் விசாரிப்பதில் ஆர்வமுள்ளவர்.

“எந்த டிபார்ட்மெண்டு சார்?”

“நகராட்சி நிர்வாகம். நகரமைப்பு.” ஓய்வு பெற்றதைச் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் யார் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

“என்ன சோலியா வந்திருக்கிய?”

“மார்க்கெட் பக்கம் இருக்கிற நிழலை எல்லாம் எடுக்கணும்.”

அவர் சாவியை நீட்டிய கையை நிறுத்தினார். “எல்லாத்தையுமா?”

“நல்லதா இருக்கிறதை மட்டும்.”

“எப்ப சார்?”

“நாளைக்குக் காலையில. இன்னிக்குச் சும்மா பார்த்து வச்சுட்டு வந்துடுவேன்.”

மாரியப்பன் சாவியை இரண்டு கைகளாலும் கொடுத்தார். தென்மாவட்டத்து மரியாதை என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

குளித்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். எதற்காக வந்தேனோ அது அங்கே இருந்தது. கிழக்குப் பார்த்த பழைய மாடிக் கட்டடம். மேலே சிமெண்டு ஜன்னல் வலை போட்ட முகப்பு மாடம், அதற்கும் மேலே கைப்பிடிச் சுவரில் சிமெண்டிலேயே வார்த்த ஒரு கடிகாரம். முள்ளும் சிமெண்டு. கட்டிய நாள் முதல் ஒரே நேரத்தைத் தவறாமல் காட்டிவருகிறது. அரசு அலுவலகங்களில் ஓடும் கடிகாரங்களைவிட இது நம்பகமானது. கீழ்த்தளத்தில் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கும் கடை. கடைக்கு முன்னால் மூங்கில் கம்புகளில் இழுத்துக் கட்டிய நீலப் படுதா. அதன் ஓரம் காற்றில் அலைய, கீழே நிழலின் ஓரமும் அலைந்தது. தெரு முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு கடையும் ஒரு படுதா, ஒவ்வொரு படுதாவும் ஒரு நிழல். சென்னையில் எங்கள் பகுதியில் நிழல் வேண்டுமென்றால் மேம்பாலத்துக்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

தார்ப்பாய்க் கடையின் படுதாவுக்குக் கீழே ஓரமாக ஒரு பெண் கம்மங்கூழ் விற்றுக்கொண்டிருந்தார். பெயர் செல்லத்தாய். நாற்பதைத் தாண்டியவர், வேகமான கை, அதைவிட வேகமான வாய். மோர் விட்டுக் கரைத்த கூழைச் சொம்பில் ஊற்றி, தட்டில் மோர்மிளகாயும் சீனியவரை வத்தலும் வைத்தார்.

“எப்படி சார் இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“மூஞ்சில ஒண்ணும் தெரியலியே. காசு குடுக்கும்போது மொறைக்கிற மூஞ்சி மாதிரில்லா இருக்கு.”

என் முகம் இயல்பாகவே அப்படித்தான் என்று விளக்கினேன். உச்சிவெயிலுக்கு நிழல் காலடியில் சுருண்டுகொண்டிருந்தது. காலையில் வர வேண்டும். எந்தக் கோணத்தில் நிற்பது என்று தெருவின் குறுக்கே நடந்து பார்த்தேன். எட்டு வைத்துத் தூரம் அளந்தேன். குனிந்து பெட்டிக்குள் பார்த்தேன். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

தார்ப்பாய்க் கடை தங்கராஜ் அண்ணாச்சி வெளியே வந்து நாற்காலி போட்டார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. “இருங்க சார், வெயில்ல நிக்கிய.” உட்கார்ந்தவுடன் காரச்சேவு வந்தது. கடலைமிட்டாய் ஒரு பொட்டலம் வந்தது. எதிர்க்கடையிலிருந்து இன்னொரு பொட்டலம், பக்கத்துக் கடையிலிருந்து இன்னும் பெரியதாக ஒன்று. அரசுப் பணியாளருக்கு எதை, எந்த நோக்கத்தில் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு வகுப்பே எடுத்தவன் நான். நிலக்கடலையில் செய்து கொடுத்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. விருந்தோம்பல் என்று எண்ணி மூன்றையும் வாங்கிக்கொண்டேன். இரவு புரோட்டாவுக்கு வயிற்றில் இடமில்லை.

மறுநாள் காலையில் போனபோது தெரு மொட்டையாக நின்றது.

ஒரு படுதா இல்லை. கம்புகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்டுக் கடிகாரம் மட்டும் வழக்கமான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஏதோ உள்ளூர் வழக்கம், வாரத்தில் ஒருநாள் துவைக்கப் போடுவார்கள் போலும் என்று நினைத்தேன். செல்லத்தாயின் இடமும் காலி.

தெருக் கோடியில், டிரான்ஸ்பார்மர் கம்பத்தை ஒட்டிய வெட்டவெளியில் அவரைக் கண்டேன். பானைக்கு மேல் குடையை விரித்துவிட்டு, தான் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வாங்க ஆளில்லை.

“ஏன் இங்கே வந்துட்டீங்க?”

“கேக்கிய பாருங்க கேள்வி. நெழல எடுக்க வந்தேன்னு லாட்ஜுல சொன்னியளா இல்லியா?”

“சொன்னேன்.”

“அதான் எடுத்துட்டாவ. நீங்க ஆள் அம்போட வந்து எடுக்கதுக்கு முன்னாடி அவியளே எடுத்துட்டாவ. தார்ப்பாயிக் கடை அண்ணாச்சி, ஒம் பானை ரோட்டுல கெடந்தா எனக்குல்லா நோட்டீசு வரும், எங்கனயாது போயிருன்னு சொல்லிட்டாரு.”

நகராட்சித் தமிழில் எடுப்பது என்றால் அகற்றுவது. கேமராத் தமிழில் எடுப்பது என்றால் படம் பிடிப்பது. இரண்டு தமிழும் எனக்குத் தெரியும். எந்த வாயால் எதைப் பேசினேன் என்பதுதான் தெரியாமல் போயிற்று. இந்த வெயிலில் வாழ்பவர்களுக்கு நிழல் என்பது படம் பிடிக்கிற பொருள் அல்ல என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

“நான் படம் எடுக்க வந்தவன், அம்மா.”

“அத அங்கன போய்ச் சொல்லுங்க. எனக்கென்ன, நெழலு இருந்தாத்தான் கூழு. வெயில்ல நின்னு எவன் குடிப்பான்? கூழும் பொங்கிப் புளிச்சிரும். நாலு நா இப்பிடிப் போச்சுன்னா மறுபடி ஆபீஸுதான்.”

இந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டித் தொழிற்சாலை. காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் நடந்து போகும் பெண்களைக் கேட்டால் ஆபீஸுக்குப் போவதாகத்தான் சொல்வார்கள். செல்லத்தாயும் போனவர்தான். மருந்து வாடை நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், மூச்சு முட்டி வெளியே வந்தவர். அந்தப் படுதாவின் ஓரம் கிடைத்ததால்தான் கூழ்ப் பானை வைக்க முடிந்தது. இதை அவர் அழாமல், சொம்பைக் கழுவியபடியே சொன்னார்.

நேரே அண்ணாச்சியிடம் போனேன். நான் ஓய்வு பெற்றவன், அதிகாரி இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே விளக்கமாகச் சொன்னேன். ஆக்கிரமிப்பை எடுப்பதென்றால் முதலில் அளவீடு செய்ய வேண்டும். பிறகு எழுத்து மூலம் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், விசாரணை, உத்தரவு. இதில் எதுவும் நடக்கவில்லை. எனவே நீங்கள் மடக்கியது முறைப்படி செல்லாது.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டியளா? இவ்வளவு சட்டம் தெரிஞ்சவிய சும்மாவா வந்திருப்பாவ?”

“மஃப்டில வந்திருக்காவ அண்ணாச்சி” என்றார் எதிர்க்கடைக்காரர்.

“நேத்து எட்டு வச்சு அளந்தாவளே, நான் பாத்தேன்.”

“அது என்ன மிசினு சார், லெவல் பாக்கதா?”

இதற்கு ஒரே வழி கேமராவைக் கையில் கொடுப்பதுதான் என்று முடிவு செய்தேன். அண்ணாச்சி கழுத்தில் வாரை மாட்டி, தெருவின் நீளவாக்கில் திருப்பி நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“எங் கடைய அந்தப் பக்கம் மாத்திப் போட்டிருக்கிய.”

“அது கண்ணாடியோட இயல்பு. இடது வலமாத் தெரியும்.”

“பிளான் போட்டாச்சு, ஏலே” என்றார் அவர் எதிர்க்கடைக்காரரிடம். “ஒன்ன இந்தப் பக்கம் கொண்டு வாராவ. என்ன அந்தப் பக்கம்.”

“சாக்கடை நாத்தம் புடிச்ச பக்கம் எனக்கா?” என்று எதிர்க்கடைக்காரர் பாய்ந்தார். வராத ஒரு திட்டத்துக்காக இரண்டு கடைகளும் சண்டை போட்டதை அன்றுதான் கண்டேன். வந்த திட்டங்களுக்கே நான் இவ்வளவு உற்சாகத்தைப் பார்த்ததில்லை.

அறைக்குத் திரும்பி மாரியப்பனைப் பிடித்தேன். “நான் ஊருக்கெல்லாம் சொல்லல சார்” என்றார். “எங்க சித்தப்பாகிட்ட மட்டுந்தான். அவரு மார்க்கெட்ல வாழைக்கா மண்டி.” இந்தத் தகவல் தொடர்பை மாவட்ட நிர்வாகம் கற்றுக்கொண்டால் சுற்றறிக்கைகளே தேவைப்படாது.

மூன்றாம் நாள் காலையில் போனபோதும் தெரு அப்படியே. செல்லத்தாய் அதே வெட்டவெளியில். முந்தைய நாள் பாதிப் பானையைக் கொட்டியதாகச் சொன்னார். ஆபீஸில் ஆள் எடுக்கிறார்களா என்று மாலையில் விசாரிக்கப் போகிறாராம். சொல்லும்போது நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பழைய குரல் வந்துவிடும். தார்ப்பாய்க் கடை வாசலில் நின்று, “அண்ணாச்சி, படுதாவைக் கட்டுங்க” என்றேன்.

அவர் எழுந்தே விட்டார். “ஆர்டரா சார்?”

“எப்படி வேணா வச்சுக்குங்க. கட்டுங்க.”

அதிகாரி எடுக்கச் சொன்னால் எடுப்பது, கட்டச் சொன்னால் கட்டுவது. அண்ணாச்சியும் கடையில் சாமான் வாங்க வந்த இருவருமாகக் கம்புகளை நட்டு, கயிற்றை இழுத்து, படுதாவை விரித்தார்கள். எதிர்ப்புறம் போய்க் குனிந்து பார்த்தேன். மாடத்து ஜன்னல் வலையின் நிழல் சுவரில் பூப்போட்டதுபோல் விழுந்திருந்தது. கடிகாரத்தின் முள்ளுக்கும் ஒரு நிழல் முள் முளைத்திருந்தது. ஆனால் காலை வெயில் இன்னும் சரிவாக விழுந்ததால் படுதாவின் நிழல் கடைப்படிக்குள் பதுங்கிக் கிடந்தது. செல்லத்தாய் உட்காரும் இடத்தில் சுள்ளென்று வெயில். படம் பாதியில் அறுந்ததுபோல் இருந்தது. படம் என்று வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் நினைவிருக்காது.

“பத்தாது. இன்னும் வெளியே இழுங்க.”

“வெளியன்னா?”

“ரோட்டுப் பக்கம்.”

அண்ணாச்சி கம்பைப் பிடித்தபடி, “ரோட்டுப் பக்கமா?” என்றார்.

“ஆமா. சாக்கடையைத் தாண்டி. அந்தக் கம்பை எடுத்து ரோட்டிலேயே நடுங்க. இப்படிக் கஞ்சத்தனமா கட்டினா நிழல் எங்கிருந்து வரும்?”

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு கம்பை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

“ஏலே, இவிய ஆபீசர் இல்லலே! சாக்கடையத் தாண்டிக் கெட்டுன்னு எந்த ஊரு ஆபீசர்லே சொல்லுவான்? நெசமாவே போட்டோப் புடிக்கத்தான் வந்திருக்காவ!”

அவர் சொன்னது சரி. எந்தக் கடையின் எல்லையும் சாக்கடையின் உள் விளிம்போடு முடிகிறது. பணிக்காலம் முழுக்க அந்த விளிம்பில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன், மூன்றாம் நாள் வெயிலில் அதைத் தாண்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் தெரு முழுக்கப் படுதாக்கள் விரிந்தன. ஒவ்வொருவரும் பக்கத்துக் கடையைவிட ஒரு சாண் அதிகமாக இழுத்தார்கள். “சார், நம்ம கடை நெழலையும் எடுங்க” என்று நாலு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். தார்ப்பாய்க் கடையின் நிழல் இப்போது சாக்கடையைத் தாண்டித் தெருவில் அலைந்தது. எடுத்தேன். நல்ல படம் என்பது பொத்தானை அமுக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் கூழ்ப் பானை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தெருக்கோடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏட்டி செல்லத்தாயி! பானையத் தூக்கிட்டு வா!”

செல்லத்தாய் பானை இல்லாமல் வந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “முந்தாநேத்து இருன்னிய. நேத்துப் போன்னிய. இன்னைக்கு வான்னுதிய. நாளைக்கு இன்னொருத்தன் கேமராவோட வருவான், மறுபடி போன்னுவிய. நான் என்ன ஒங்க கடை நாக்காலியா, தூக்கித் தூக்கிப் போட?”

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். “கோவத்தப் பாரு.”

“கோவமில்ல அண்ணாச்சி. பயம். ஒங்க படுதாவுல ஒட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு? இதுக்கு ஆபீஸே மேலு. அங்கன போகச் சொன்னா முன்னாடி நாளே சொல்லுவாவ.”

இதற்கான பதில் என்னிடம் இருந்தது. தெருவில் வியாபாரம் செய்பவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது என்று தொடங்கினேன். நகராட்சியில் கணக்கெடுப்பில் பெயர் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். மனு வாங்கியதற்குக் கையெழுத்திட்ட ஒப்புகை இல்லாமல் நகரக் கூடாது. விற்பனைக் குழு பார்த்து, அடையாள அட்டையும் சான்றிதழும் கொடுக்கும். அதன்பிறகு பானை வைக்கும் இடம் அண்ணாச்சியின் தயவில் இல்லை. யாரும் வாயால் சொல்லி எழுப்ப முடியாது. வேறு இடத்துக்கு மாற்றுவதென்றாலும் முன்கூட்டி எழுத்தில் தர வேண்டும். அட்டை கைக்கு வரக் கொஞ்சம் காலமாகலாம், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செல்லத்தாய் இமைக்காமல் கேட்டார். “எந்த ரூம்ல குடுக்கணும்? மனுவ யாரு எழுதுவா?”

“மனு இப்பவே எழுதிடலாம். போகும்போது நானும் வரேன். ஒப்புகை வாங்கற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்போம். அதுல எனக்கு நல்ல பழக்கம்.”

அவர் தெருக்கோடிக்குப் போனார். பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, நிழலின் நடுவில் நச்சென்று வைத்தார். வெயிலில் நின்றுகொண்டிருந்த நாலைந்து பேர் உடனே உள்ளே வந்தார்கள்.

“நான் அப்பமே சொன்னேம்லா!” என்று எதிர்க்கடையிலிருந்து ஒரு கூச்சல். “மனு, ஒப்புகை மொதக்கொண்டு தெரிஞ்சு வச்சிருக்காவ! ஆபீசரேதாம்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தலைக்கு மேலே இருந்த படுதாவைப் பார்த்தார்கள். அண்ணாச்சியின் கை மெல்லக் கயிற்றுக்குப் போனது. முடிச்சைத் தடவிப் பார்த்தது. கீழே செல்லத்தாய் முதல் சொம்பை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி கயிற்றை இழுத்து, இன்னொரு முடிச்சுப் போட்டார்.